இடப்பக்கத்து முட்டுகள்

சூளைக்குள் எதை வேண்டுமானாலும் முட்டாக வைக்கலாம் என்று நினைக்கிற ஒரு மனிதனோடு பத்தொன்பது வருஷம் ஒரே பட்டறையில் வேலை பாருங்கள். அப்புறம் தங்கையின் கோபத்தைப் பற்றிப் பேசலாம். அதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்க வேண்டாம்.

தங்கை என்றால் அந்த மண்பாண்டப் பட்டறைக்காரனின் தங்கை. நாற்பத்தாறு வயது. சிலருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பார்கள். இவளுக்கு அது மூக்கைத் தாண்டி, எதிரே நிற்பவர் சட்டை மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் மிளகாய். அவள் அண்ணனுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். இரண்டும் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தும். புருஷன் போனபின் கைக்குழந்தையோடு வந்து பட்டறை மாடியில் குடியேறியவள், அன்றிலிருந்து சக்கரத்தில் உட்கார்ந்துவிட்டாள். பட்டறையில் பாதிக் கோப்பைகள் அவள் கையில் பிறந்தவை. ஆனால் எல்லாவற்றின் அடியிலும் அண்ணனின் முத்திரைதான். அதைப்பற்றி அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மற்ற எல்லாவற்றைப் பற்றியும் சொல்லியிருக்கிறாள்.

அன்று காலை அவள் ஊரிலிருந்து திரும்பி, தோளில் பையோடு தெருவுக்குள் நுழையும்போதே சூளையின் இரைச்சல் கேட்டது. கேஸ் அடுப்புகள் நான்கும் முழுசாக எரிகிற இரைச்சல். அவள் கால் அப்படியே நின்றது.

"நான் வந்துதான் அடுக்குவேன். யாரும் தொடக்கூடாது." போகும்போது அவள் சொல்லிவிட்டுப் போன வார்த்தை இது. ஒருதடவை இல்லை, மூன்று தடவை. செவிடன் காதில் ஊதிய சங்கு.

அடுக்க வேண்டியிருந்தது அவளுடைய இருபத்துநான்கு டைல்கள். ஒவ்வொன்றும் ஒரு சாண் சதுரம், இரண்டு விரல் தடிமன். ஒரு பள்ளிக்கூடத்தின் நூலகச் சுவருக்காகச் செய்தது. இருபத்துநான்கையும் சேர்த்து வைத்தால் ஒரு பெரிய மரமும், அதன் கிளைகளில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளும் தெரிவார்கள். பதினொரு மாதம் ஆயிற்று. முதல் தடவை செய்தது காயும்போதே வளைந்து போனது. இரண்டாம் தடவை மண்ணையே மாற்றினாள். வலது கீழ்மூலையில் இருந்த டைலில், பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக, அண்ணனின் முத்திரைக்குப் பதிலாகத் தன் பெயரை எழுதியிருந்தாள். நூலகம் திறக்கப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அந்தச் சுவரில் இரும்புச் சட்டம் பொருத்தத்தான் நான்கு நாள் போயிருந்தாள்.

பையைக் கீழே போட்டுவிட்டுப் பட்டறைக்குள் போனாள். முதலில் கண்ணில் பட்டது சூளை இல்லை. கல் அறுக்கிற மேசைக்கு அடியில் கிடந்த வெள்ளைத் தூள்தான். பக்கத்தில் ரம்பம். ரம்பத்துக்குப் பக்கத்தில் அறுத்துப்போட்ட துண்டுக் கல். எடுத்துப் பார்த்தாள். உலர்ந்த ரொட்டித்துண்டு கனம்கூட இல்லை.

"இது என்ன?"

அண்ணன் சூளையின் சூடு காட்டும் மீட்டரைப் பார்த்தபடியே, "கல்லு" என்றான்.

"கல்லுன்னு எனக்கும் தெரியுது. இதை எதுக்கு அறுத்த?"

"முட்டுக்கு."

ஒரே வார்த்தைதான் வந்தது அவன் வாயிலிருந்து. அவளுக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது.

விஷயம் இதுதான். சூளைக்குள் சாமான்களை ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிக்க முடியாது. கனத்த தட்டுகளை மாடி மாடியாக அடுக்கி, அவற்றின்மேல்தான் வைக்க வேண்டும். அந்தத் தட்டைத் தாங்குகிற குட்டையான தூண்தான் முட்டு. தட்டுக்கு மூன்று முட்டு. நாலு வைத்தால் ஒன்று எப்படியும் ஆடும். கீழ்முட்டுக்கு நேர்மேலே மேல்முட்டு வரவேண்டும், இல்லாவிட்டால் நடுவில் தட்டு முறியும். எல்லாவற்றையும்விட முக்கியம், முட்டு கனமான, இறுகச் சுட்ட கல்லாக இருக்க வேண்டும். அண்ணன் அறுத்திருந்தது சூளைச் சுவருக்கு வெளிப்பக்கம் ஒட்டுப்போட வாங்கிவைத்த லேசான வெள்ளைக்கல். சூடு வெளியே போகாமல் தடுக்க அது நல்ல கல்தான். ஆனால் தலையில் பாரத்தை ஏற்றி ஆயிரத்து நூறு டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் அமுங்கிவிடும். இது அவனுக்கும் தெரியும். தெரிந்தே வைத்தான் என்பதுதான் அவள் வயிற்றெரிச்சல்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி என்ன சொன்னேன்? பாதி முட்டு விரிசல் விட்டிருக்கு, சாக்பீஸ்ல பெருக்கல் போட்டு வெச்சிருக்கேன், புதுசுக்குச் சொல்லுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னேனே. வரல."

"வரலன்னா காத்திருக்கணும்! வெறகுக்கட்டையை வெச்சு முட்டுக் கொடுப்பியா? நாளைக்கு வெல்லக்கட்டியை வெப்ப!"

"உன் தேதிக்கு நாள் இல்லம்மா."

"என் தேதியை நான் பார்த்துக்குவேன். உன்னை எவன் பார்க்கச் சொன்னான்?"

அண்ணி உள்ளறை வாசலில் நின்றிருந்தாள். பூச்சு வேலை முழுக்க அவளுடையது. கையில் ஒரு கோப்பையும் தூரிகையும் இருந்தன. இந்த இருவரும் கத்துவது அவளுக்குப் புதிது இல்லை. மழை பெய்வதைப் பார்ப்பது மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கை கறுப்புக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு சூளைக் கதவின் பார்வைத் துளைக்குப் போனாள். கதவில் இரண்டு துளை உண்டு. உள்ளே இரண்டு அடுக்கு, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஆனால் போன தடவை சுட்டபோது இடது துளையின் அடைப்பு உருகி ஒட்டிக்கொண்டுவிட்டது. உளி வைத்தாலும் வராது. வலது துளையின் அடைப்பை உருவி எட்டிப் பார்த்தாள்.

உள்ளே எல்லாம் மஞ்சளாகத் தகதகத்தது. கண் பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது. கோப்பைகள் தெரிந்தன. உணவகம் ஒன்றுக்கு அண்ணன் செய்த கோப்பைகள், தட்டுக்கு ஐம்பது. அப்புறம் முட்டு தெரிந்தது. இரண்டாம் தட்டின் முன்முட்டு வயிறு பிதுங்கிக் குட்டையாகி நின்றது. அதன் மேலிருந்த தட்டு ஒரு விரல் அளவு முன்னால் சாய்ந்திருந்தது. மேலே இன்னும் நான்கு தட்டு.

அவள் திரும்பி மீட்டரைப் பார்த்தாள். ஆயிரத்து இருநூற்றைந்து. இன்னும் அறுபது டிகிரி ஏற வேண்டும்.

"சாயுது. அணை."

"அணைக்காத."

"கண்ணு தெரியலையா உனக்கு? வந்து பாரு! இன்னும் அரைமணி நேரம் போனா மொத்தமும் சரிஞ்சு விழும். என் டைலு தூளாகும்!"

"உன்னோடதுக்கு ஒண்ணும் ஆகாது. இடது பக்கம் நான்..."

"இடதும் வேணாம், வலதும் வேணாம்! உன் சப்பைக்கட்டு எதுவும் எனக்கு வேணாம். ஒண்ணுமே ஆகாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்க நீ? தண்ணித்தொட்டி ஒழுகாதுன்னு சொன்ன, ஒழுகுச்சு. கூரை பறக்காதுன்னு சொன்ன, பறந்துச்சு!"

"கொஞ்சம் பேச விடு."

"பேச விட்டாத்தான் என்ன கொட்டிடப் போற?"

அண்ணன் வாயை மூடிக்கொண்டான். ஊமைக்கோட்டான் என்று சும்மாவா பெயர் வைத்தாள்? அவன் மறுபடி மீட்டர் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அந்த முதுகைப் பார்த்ததும்தான் அவளுக்கு எல்லை மீறிப் போயிற்று. பத்தொன்பது வருஷமாக அவள் எதைச் சொன்னாலும் பதில் அந்த முதுகுதான். பதினொரு மாத உழைப்பு உள்ளே சாய்ந்துகொண்டிருக்கிறது, இவன் முதுகைக் காட்டுகிறான்.

"உனக்கு எப்படி வலிக்கும்?" என்றாள். குரல் உயரவில்லை, இறங்கியது. அதுதான் அபாயம். "ஒண்ணைப் பெத்து வளர்த்திருந்தால்ல தெரியும். உங்க ரெண்டு பேருக்கும் அது எங்க தெரியப்போகுது?"

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று நமக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன? சொன்னது யார் என்று பாருங்கள். கைக்குழந்தையோடு வந்தவள். அந்தக் குழந்தை முதல்வாய்ச் சோறு தின்றது அண்ணி கையால். காய்ச்சல் வந்தால் படுத்தது அண்ணி மடியில். இப்போது வெளியூரில் வேலை பார்க்கிற அந்தப் பெண், போன் செய்தால் முதலில் கேட்பது, "அத்தை எங்கே?" என்றுதான். அந்த அண்ணிக்கு முன்னால் நின்று இதைச் சொன்னாள். நாக்கை அறுத்து அந்தச் சூளைக்குள் போட்டாலும் தகும்.

அண்ணி கோப்பையை மேசைமேல் வைத்தாள். தூரிகையைத் தண்ணீரில் அலசி, துணியில் துடைத்து, அதன் இடத்தில் வைத்தாள். பிறகு தெருக்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். செருப்புகூடப் போடவில்லை.

அண்ணன் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். மனைவியின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனான்.

"போ! போ!" என்று கத்தினாள் தங்கை. கேஸ் குழாயின் நான்கு திருகுகளையும் ஒவ்வொன்றாக மூடினாள். கடைசித் திருகு மூடியதும் இரைச்சல் நின்றது. திடீரென்று வந்த அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று முழுக்க அவள் கீழே இறங்கவில்லை. தனக்குத்தானே வழக்கு நடத்திக்கொண்டிருந்தாள். நான் சொன்னது தப்புதான், ஆனால் சொல்ல வைத்தது யார்? இப்போது அணைத்தால் பூச்சு முழுசாக உருகியிருக்காது, பரவாயில்லை, நல்ல முட்டு வந்ததும் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். விழுந்து உடைந்திருந்தால் என்ன செய்ய முடியும்? நான் காப்பாற்றினேன். அவன் கோப்பையையும் சேர்த்துத்தான் காப்பாற்றினேன். வந்து நன்றி சொல்ல வேண்டியவன் அவன். இப்படியே சாயங்காலம் வரை வாதாடினாள், தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டாள். தீர்ப்பு தனக்குச் சாதகமாக வந்தும் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு இறங்கி வந்தாள். பட்டறையில் யாரும் இல்லை; அண்ணனும் அண்ணியும் இரவும் திரும்பியிருக்கவில்லை. பழக்கத்தில் மீட்டரைப் பார்த்தாள்.

அறுபத்தைந்து.

மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒருதடவை தட்டினாள். அறுபத்துநான்கு என்று மாறியது. அந்தப் பெரிய சூளை ஆற இரண்டரை நாள் ஆகும். இந்நேரம் முந்நூறு, முந்நூற்றைம்பதாவது காட்ட வேண்டும். அறுபத்தைந்து என்றால், இரவெல்லாம் உள்ளே குளிர்காற்று புகுந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

சூளைக்குப் பின்னால் ஓடினாள். புகைபோக்கியின் கழுத்தில், உள்ளே தள்ளி அடைக்கிற கனத்த பலகைக்கல் முழுசாக வெளியே இழுத்தபடி நின்றது. அது சூளையின் பின்மூச்சு. திறந்தே கிடந்தால் புகைபோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும், அடியில் இருக்கிற அடுப்புத் துளைகள் வழியாகப் பச்சைக்காற்று உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். கோப்பை மாதிரிச் சின்னச் சாமான் அதைத் தாங்கும். அகலமான, தடிமனான சாமான் தாங்காது. ஒரு பக்கம் ஆறி ஒரு பக்கம் ஆறாமல் கிழியும்.

இரண்டு பேர் செய்கிற வேலை அது. முன்னால் அவள் கேஸை மூடிவிட்டு, "மூடியாச்சு!" என்று குரல் கொடுப்பாள். பின்னால் நிற்கிற அண்ணன் கல்லைத் தள்ளிவிட்டு, "அடைச்சாச்சு!" என்பான். எத்தனையோ நூறு தடவை நடந்திருக்கிறது. சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்த நாட்களில்கூட இந்த இரண்டு வார்த்தை மட்டும் தவறியதில்லை.

தெருக்கதவு திறந்தது. அண்ணன்.

"ஏன் அடைக்கல?" அவன் உள்ளே வருவதற்குள் பாய்ந்தாள். "பின்கல்லு திறந்தே கெடக்கு! ராத்திரி பூரா திறந்தே கெடந்திருக்கு! ஏன் அடைக்கல?"

அவன் மீட்டரைப் பார்த்தான். முகம் வெளுத்தது. "நீ குரல் குடுத்தியா?" என்று கேட்டான்.

கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் கேட்க அவன் அங்கே இல்லை. அவன் ஏன் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

இருவரும் பேசாமல் கதவின் தாழ்களைக் கழற்றினார்கள். கதவு திறந்ததும் உள்ளேயிருந்து, "டிங்" என்று ஒரு சின்னச் சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அந்தச் சத்தம் என்னவென்று இருவருக்குமே தெரியும்.

வலப்பக்க அடுக்கு குடிகாரன் நிற்பது மாதிரி நின்றது. வெள்ளைக்கல் முட்டுகள் எல்லாம் அமுங்கிப் பிதுங்கியிருந்தன, ஆனால் ஒன்றும் விழவில்லை. கோப்பைகள் அப்படியே இருந்தன. ஏழெட்டில் கீறல். மற்றவற்றை மறுபடி சுட்டால் சரியாகிவிடும்.

இடப்பக்க அடுக்கு நேராக நின்றது. ஆறு தட்டு. தட்டுக்கு மூன்று முட்டு. பதினெட்டும் பழைய, கனத்த, நல்ல முட்டு. ஒன்றிலும் பெருக்கல் குறி இல்லை. ஒன்றுக்கு நேர்மேலே ஒன்றாக, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்த மாதிரி ஒரு மயிரிழை சாய்வு இல்லாமல் நின்றன. சூளை முடிய எரிந்திருந்தாலும் அந்த அடுக்கு அசைந்திருக்காது.

அதன்மேல் அவளுடைய டைல்கள். மரத்தின் நடுவே, கிளைகளின் குறுக்கே, படிக்கிற பிள்ளைகளின் முகத்தின் மேல் விரிசல். எண்ணினாள். இருபத்துநான்கில் பத்தொன்பது போயிற்று. பெயர் எழுதிய டைல் மட்டும் முழுசாக இருந்தது. அதை எடுத்துத் தன் தலையிலேயே போட்டு உடைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"நல்ல முட்டெல்லாம்..." என்றாள்.

"இருந்ததே பதினெட்டுதான்."

"அதை ஏன் சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை! உன்னோடதுக்கு நல்ல முட்டு வெச்சிருக்கேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் அணைக்கப்போறேன்?"

"ஆரம்பிச்சேன்."

"ஆரம்பிச்சா முடிக்கணும்! கையைப் பிடிச்சு நிறுத்திச் சொல்லணும்! நான் கத்தினா நீயும் கத்தணும்! என் வேலைக்காக உன் கோப்பையைப் பலி குடுன்னு நான் கேட்டேனா? கேட்டேனா சொல்லு! எல்லாத்தையும் நீயே முடிவு பண்ணுவ, நீயே மனசுக்குள்ள பூட்டி வெப்ப, கடைசில நான் மட்டும் பிசாசு மாதிரி நிக்கணும்!"

பட்டறை முழுக்க அவள் குரல்தான். அண்ணன் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவரை ஏன் திட்டற?"

அண்ணி எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கதவருகே நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

"அவர் பாதிப் பாதியாப் பிரிச்சு வெக்கத்தான் பார்த்தார். நல்லதெல்லாம் உன் பக்கம் வெக்கச் சொன்னது நான்."

"அண்ணி..."

"கோப்பை போனா பத்து நாள்ல இன்னொரு கோப்பை பண்ணிக்கலாம். நீ பதினொரு மாசமா அதைத் தூக்கறதும், திருப்பறதும், ஈரத்துணி போட்டுப் போட்டு மூடறதும் பக்கத்துல இருந்து பார்த்தவ நான். எனக்குத் தெரியாதா?"

எந்த நேரத்திலும், யாரிடமும், எதற்கும் பதில் வைத்திருந்த தங்கைக்கு இப்போது சொல்ல வேண்டியது ஒரே வார்த்தைதான், மன்னித்துவிடுங்கள். அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தின் மேலும் கோபம் வந்தது. அதைக் கொட்ட அங்கே தன்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சூளை வாசலுக்கு வந்தாள். தங்கை வழிவிட்டு விலகினாள். அண்ணி வலப்பக்க அடுக்கிலிருந்து கோப்பைகளை ஒவ்வொன்றாக இறக்கி, கீறலா இல்லையா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மேசைமேல் வரிசையாக வைக்க ஆரம்பித்தாள். தங்கை நின்ற பக்கம் அவள் திரும்பவே இல்லை.